கவுளிக்குக் காத்திருக்காதே அய்யா

அய்யா,

போன வெள்ளிக்கிழமை பேச்சியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது என் கடைவாயில் எச்சில் வடிந்தது. நீ எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, "இந்த வெக்கையில நீ எதுக்கும்மா வந்தே, வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்றாய். வாதம் வந்த வாய், வடியத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாய். பக்கத்தில் இருந்த பங்காளி வீட்டுப் பெண்கள், "மகன்னா இப்படி இருக்கணும்" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். அய்யா, அது வாதத்தால் வடிந்த எச்சில் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கவுளி சத்தம் கொடுக்கிற மாதிரி தட்டப் பார்த்தேன். மூன்று தடவை முயன்றேன். சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது. அதைத்தான் நீ துடைத்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாயால் சொல்லியிருப்பேன். ஆடி மாதத்துக்கு அப்புறம் என் பேச்சு உனக்கே பாதிதான் புரிகிறது. கோபமாக ஏதாவது சொன்னால் கொழகொழ என்று போய்விடுகிறது, நீயும் சிரித்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று போய்விடுகிறாய். இதற்கு நீ "சரிம்மா" என்றுவிடக் கூடாது. வலது கை நல்லாத்தான் இருக்கிறது. அஞ்சாங் கிளாசோடு நிறுத்தியவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர், "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதித் தாரேன்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இது இன்னொருத்தர் கையெழுத்தில் வந்தால் நீ நம்ப மாட்டாய். உன் மகள் பாதியில் விட்ட நோட்டில் நாலு நாளாக எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் ஸ்கேன் படம் இருக்கிற பையில், டாக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைப்பேன். உன் பெண்டாட்டி சாந்தி படிக்கட்டும், பங்காளிகள் படிக்கட்டும், நம் குடும்பத்தைத் தெரியாதவர்கள் படித்தாலும் படிக்கட்டும். உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டச் சொல்லியிருப்பேன்.

உன் நெஞ்சில் மூன்று அடைப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லி இன்றைக்கு இருபத்து மூன்று நாள். நான் நாள் எண்ணுகிறவள், உனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் சாந்தியும் உன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். "சார், நீங்களே பிசிக்ஸ் வாத்தியார், உங்களுக்கு நான் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்ல. பைபாஸ்தான். தள்ளிப் போடாதீங்க" என்று அந்தப் பையன் டாக்டர் கெஞ்சுகிற மாதிரி சொன்னான். நீ எழுந்து நின்று, "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்கு டாக்டர். கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாய். அவன் முழித்தான். வீட்டுக்கு வருகிற வழியில் சாந்தி அழுதாள். "ஏங்க, யாரைங்க கேக்கப் போறீங்க? அதான் டாக்டர் சொல்லிட்டாருல்ல?" என்று கேட்டாள். அதற்கு நீ காரை ஓட்டிக்கொண்டே ஒரு பதில் சொன்னாய். வகுப்பில் நடத்துகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"சாமி இருக்குன்னு அறிவாலயே கண்டுபிடிச்சிரலாம் சாந்தி. ஒலகம் இம்புட்டு ஒழுங்கா ஓடுதுன்னா, ஓட்டுறவ ஒருத்தி இருக்கணும்னு யோசிச்சாத் தெரியும். ஆனா அவ என்ன நெனைக்கிறான்னு யோசிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது. அவளா வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. அறிவு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகும், உள்ள இருந்து அவதான் கதவத் தொறக்கணும். எனக்கு ஒரு தடவ தொறந்திருக்கா. என் காதால கேட்டிருக்கேன். அதை எப்படி இல்லேன்னு சொல்லச் சொல்றே?"

பின்சீட்டில் நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருநகரில் வீடு வருகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

வெளியாள் யாராவது படித்தால் புரிவதற்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. குலதெய்வம் பேச்சியம்மன், பிள்ளைகளைக் காக்கிறவள் என்று பெயர். பெண் கொடுக்க, கிணறு வெட்ட, ஊரை விட்டுப் போக, எந்தப் பெரிய காரியத்துக்கும் எங்கள் வீட்டில் அவளிடம் உத்தரவு கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், பச்சரிசி மாவில் விளக்குப் பிடித்து நெய் ஊற்றி ஏற்றி, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நெய் தீர்வதற்குள் அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து கவுளி, பல்லியைத்தான் சொல்கிறேன், மூன்று தடவை சத்தம் கொடுத்தால் உத்தரவு. இடப்பக்கம் கொடுத்தாலும், ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் கிடையாது. சத்தமே இல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வர வேண்டும். நீ மூன்று வெள்ளிக்கிழமை வந்துவிட்டாய். மூன்று விளக்கும் அணைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் புதன்கிழமைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். நாலாவது வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாயாம். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று நெஞ்சைப் பிடிக்கிறாய். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாய்.

ஆடியில் என் வாய் கோணியதே, அன்றைக்கு என்ன கிழமை? செவ்வாய். காலையில் காப்பித் தம்ளர் கையிலிருந்து விழுந்தது. நீ சட்டைகூடப் போடவில்லை, காரை எடுக்கவும் நிற்கவில்லை, பனியனோடு என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாய். "ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டாகணும்" என்று ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாய். எந்தக் கவுளியைக் கேட்டாய்? யார் மாவிளக்குப் பிடித்தார்கள்? போன வாரம் இதை நான் கேட்டேன், என் கொழகொழ வாயால். புரிந்துகொண்டாய். "அது அவசரம்மா. அது வேற" என்றாய். எனக்கு அவசரம், உனக்கு இல்லையா? உன் தாத்தாவும் ஒரு காலத்தில் இதையே திருப்பிப் போட்டுச் சொன்னார். "இதுல என்ன அவசரம், பேச்சி சொல்லட்டும்" என்றார். அந்தக் கதையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை.

உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், தங்கம் என்று பெயர், காய்ச்சலில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். மூன்று வயது தாண்டி நாலு மாதம். நீ அப்போது கைப்பிள்ளை. காய்ச்சல் நாலாம் நாள் இழுப்பில் கொண்டுபோய் விட்டது. ஊருக்குள் வந்துபோகிற கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க" என்றார். அது வியாழக்கிழமை உச்சி நேரம். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உன் தாத்தா குறுக்கே நின்றார். "உத்தரவு இல்லாம பிள்ளைய எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே, கேட்டுட்டுப் போவோம்" என்றார். உன் அத்தை, அந்தப் புண்ணியவதி, என் தோளிலிருந்து பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, "மதினி, உலை கொதிக்குது, அரிசியப் போடு" என்றாள். உன் அப்பா நல்ல மனுசன், தகப்பன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியாத நல்ல மனுசன். நான் அரிசியைப் போட்டேன். அய்யா, அதுதான் நான் செய்த முதல் தப்பு. மதுரை பஸ் எங்கள் ரோட்டில்தான் போகும். நான் நடந்துபோய் ஏறியிருக்கலாம். என்னை யாரும் கட்டிப் போடவில்லை. போனால் சாமிகுத்தம் என்று நானும் பயந்தேன். அரிசி களைந்த தண்ணீரைக் கூடப் பத்திரமாக மாட்டுக்கு எடுத்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு ஏற்றினார்கள். பிள்ளை என் மடியில். நெய் தீர்ந்தது, சத்தம் இல்லை. "இன்னொரு விளக்கு வை, வெள்ளிக்கிழமை இன்னும் முடியல" என்றார் உன் தாத்தா. இரண்டாவது விளக்கு பாதி எரிந்தபோது வலப்பக்கத்து உத்திரத்திலிருந்து மூன்று தடவை, எண்ணி வைத்த மாதிரி, கவுளி சொன்னது. எல்லோரும் குலவை போட்டார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினேன். புளியமரத்துக்குப் பக்கத்தில் போகும்போதே தெரிந்துவிட்டது. தோளில் அந்தச் சூடு இல்லை. அஞ்சு நாளாக என்னைச் சுட்ட சூடு. நான் திரும்பி நடந்து வந்தபோது கோயிலுக்குள் இன்னும் குலவை ஓயவில்லை.

உன் அத்தை அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். "பேச்சிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் வாயத் தொறக்க யோசிச்சிருக்கா." அவள் சாகிற வரைக்கும் அந்த வார்த்தைக்காக அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் நான் வாங்கிக் குடித்ததில்லை. தீபாவளிக்கு வருவாள், பலகாரம் கொடுப்பேன், அவள் கொண்டுவந்ததை மாட்டுத் தொட்டியில் போடுவேன். பேச்சியையும் நான் விடவில்லை. கோயிலுக்குப் போவேன், பொங்கல் வைப்பேன், கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவள் முன்னால் கண்ணை மூடியதில்லை. மூடினால் பக்தி என்று நினைத்துக்கொள்வாள். நீயும் பொம்பளைதானே, நீயும் பிள்ளை காக்கிறவள்தானே என்று முறைத்துக்கொண்டேதான் நிற்பேன். உனக்கு இது தெரியாது. என் பின்னால் நின்று கும்பிடுகிறவன் நீ.

அதற்கப்புறம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அடுப்படிச் சுவரில் இருக்கிற கவுளிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது கத்துகிறது, எதற்குக் கத்துகிறது என்று. விளக்கு வைத்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் அதுகள் வரும். ஒன்று இன்னொன்றை விரட்டும்போது கத்தும். சோடியைக் கூப்பிடக் கத்தும். மழைக்கு முன்னால் கத்தும். நீ பள்ளிக்கூடத்தில் சோதனை செய்து காட்டுவாயே, அந்த மாதிரி எனக்குத் தெரிந்த வகையில் நானும் பார்த்தேன். வருசக்கணக்காகப் பார்த்தேன். பிறகு நாக்கைத் தட்டிப் பழகினேன். ஒரு நாள் நான் தட்டியதற்குச் சுவரிலிருந்து பதில் வந்தது. உலைக்கு முன்னால் நின்று நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தங்கம் போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. இந்த இத்துனூண்டு சத்தத்துக்குத்தானா நாங்கள் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அழுகையாகிவிட்டது.

இப்போது உன் பதினேழாம் வயசுக்கு வருகிறேன். மதுரைக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. உன் தாத்தாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, பேச்சியின் பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும். சாமிக்குரிய சாமான் இருக்கிற பெட்டி, மூத்த வாரிசுதான் தலையில் வைக்க வேண்டும். சுமப்பவன் ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது. உன் அத்தை, "படிச்சவன் எவன் பெட்டி தூக்கியிருக்கான்? போனா அம்புட்டுதான், திரும்ப மாட்டான்" என்றாள். உன் தாத்தா, "நாம என்ன சொல்றது. பேச்சி உத்தரவு குடுத்தா போகட்டும். குடுக்கலேன்னா பெட்டி" என்றார். நீ இடம் கிடைத்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாய். சேரச் சொன்ன தேதி அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே முடிகிறது என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாய்.

ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். நான் பெண்களுக்குப் பின்னால் கல்தூணை ஒட்டி முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கில் நெய் பாதிக்குக் கீழே போனது. சத்தம் இல்லை. கால்வாசி. சத்தம் இல்லை. உன் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அரிசி உலை கொதித்தது. தலையைக் குனிந்து, நாக்கை ஒட்டி, தட்டிவிட்டேன்.

"ஏய், கவுளி! கவுளி சொல்லுது!"

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கந்தாண்ணே, உத்திரத்துல."

"எத்தன?"

"மூணு. நான் எண்ணுனேன், மூணுதான்."

உன் தாத்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நீ ஆண்கள் கூட்டத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்தாய். கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து நின்றது. "அம்மா, கேட்டியாம்மா?" என்றாய். "கேட்டேன்யா" என்றேன். அய்யா, நான் உனக்குச் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். நாக்கைத் தட்டியதை நான் பொய் என்று நினைக்கவில்லை. அது நான் செய்த வேலை, உலை வைக்கிற மாதிரி, களை எடுக்கிற மாதிரி. "கேட்டேன்யா" என்றதுதான் பொய். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உன் தாத்தா தரையில் கிடந்தபோது எனக்கு இனித்தது. என் பிள்ளையை வாசலில் மறித்த கிழவன் என் நாக்குக்கு விழுந்து கும்பிடுகிறான் என்று இனித்தது. நீ படிக்கப் போகிற சந்தோசத்தைவிட அதுதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

நீ படித்தாய், வாத்தியாரானாய். உன்னோடு வேலை பார்ப்பவர்கள் சாமி இல்லை என்று பேசினால் நீ சண்டை போட மாட்டாய், "நான் கேட்டிருக்கேன் சார்" என்று அமைதியாகச் சொல்வாய். அறிவியலில் பார்த்ததையும் கேட்டதையும்தான் ஒத்துக்கொள்ள வேண்டும், நான் கேட்டிருக்கிறேன் என்பாய். அந்த ஒரு சாயங்காலத்தின் மேல் நீ மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போனாய். அஸ்திவாரம் என் நாக்கு என்று தெரிந்தும் நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன். முதல் சம்பளத்தில் அவளுக்குப் பட்டு எடுத்தபோது சொல்லியிருக்கலாம். உன் கல்யாணத்தின்போது சொல்லியிருக்கலாம். உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அணைக்க மனசு வரவில்லை. அந்த வெளிச்சம் ஒரு நாள் உன்னையே குடிக்க வரும் என்று எனக்கு எங்கே தெரியும்?

சரி, நாலாவது வெள்ளிக்கிழமை கவுளி சொல்லிவிட்டால்? சொல்லாது. ஏன் என்று நீயே யோசித்திருக்க வேண்டும். திருப்பணிக் கமிட்டிக்கு நீதான் தலைவர். ஓட்டைப் பிரித்து காங்கிரீட் போட்டாய். கல்சுவர் வெடிப்பையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசினாய். உள்ளே இடுப்புயரத்துக்கு வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டினாய். உத்திரம் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட். கவுளி எங்கே இருக்கும்? கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து அந்தக் கோயிலில் நான் ஒரு கவுளியைக் கண்ணால் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தால் உன் ஸ்கேன் பைக்கு மேலே, வீட்டு டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் நாலு நிற்கிறது, அங்கே ஒன்றுகூட இல்லை. அவள் வாயை நீயே அடைத்துவிட்டு, பேசு பேசு என்று அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்.

இதையெல்லாம் நான் ஜெபமணி டீச்சரிடம் கொஞ்சம் சாடையாகச் சொன்னேன், யாருடைய கதையோ மாதிரி. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், உங்க சாமி உங்ககிட்ட எப்படிப் பேசும்?"

"வேதத்துல பேசியாச்சும்மா."

"அப்ப கேட்டுட்டுச் சும்மா இருந்துருவீகளா?"

"இல்லம்மா. வாசிச்சு, அர்த்தம் புரிஞ்சுக்கணும்."

"தப்பாப் புரிஞ்சுகிட்டா?"

"அதுக்குத்தான் புத்தியக் குடுத்திருக்காரு."

"புத்தி தப்பாப் போனா?"

டீச்சர் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "அதுக்குத்தான் வேதத்தக் குடுத்திருக்காரு."

"என்ன டீச்சர், செக்குமாடு மாதிரி சுத்தி வருது?"

"நானும் நாப்பது வருசமாச் சுத்துறேன்மா. ஆனா ஒண்ணு. சாமி சொல்லுச்சுன்னு யாராவது வந்து சொன்னா, எங்க அப்பா முதல்ல கேக்குறது, அதக் கேட்டு நடந்தா ஒரு உசுரு பிழைக்குமா போகுமான்னுதான். போகும்னா, நீ சரியாக் கேக்கல, போயி மறுபடியும் கேளும்பாரு."

நல்ல பேச்சுத்தான். நாலு நாளாக அதையே மென்று பார்க்கிறேன். டாக்டருடைய படிப்பும் பேச்சி கொடுத்த அறிவுதான், அவன் சொல்வதும் அவள் சொல்வதுதான் என்று உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சாந்தி அப்படித்தான் சொல்லச் சொல்கிறாள். "அத்தை, அப்படிச் சொன்னா அவரு கேப்பாரு." கேட்பாய். ஆனால் எனக்கு அது தொண்டையில் நிற்கிறது. அறிவு அவள் கொடுத்தது என்றால், அந்த வியாழக்கிழமை உன் தாத்தாவுக்கு ஏன் கொடுக்கவில்லை? எனக்கு ஏன் அரிசியைப் போட்டு முடித்தபிறகு கொடுத்தாள்? கம்பவுண்டர் வாயில் பேசியவள் அவள்தான் என்றால், எங்களுக்கு ஏன் அது காதில் விழவில்லை? இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. படித்தவன் நீ, உனக்கும் கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்கும் என்றால், உயிரோடு இருந்து தேடு.

இத்தனையும் படித்துவிட்டு, சாமியே இல்லை போல என்று நீ உட்கார்ந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதுவரைக்கும் எந்த உசுரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் பாதிப் பொய்யாகிவிடும். அன்றைக்கு நான் தட்டியது இரண்டு தடவைதான். மூன்றாவது தட்டுவதற்குள் நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் இடைவெளி. அப்புறம் மூன்றாவது கேட்டது. நான் இருந்தது இடப்பக்கம். அது வந்தது வலப்பக்கத்திலிருந்து. கூட்டம் அதை வைத்துத்தான் பக்கம் சொன்னது.

கவுளி பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும், அடுப்படியில் பார்த்தவள் நான். கல்சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் என்று நீ பிள்ளைகளுக்கு நடத்துகிறவன். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதுவும் இல்லாமல், பயத்தில் நானே தட்டிவிட்டுத் தட்டவில்லை என்று நினைக்கிறேனோ என்னவோ. யார் எந்த நாள் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்று சொல்கிறவளுக்கு, அந்த ஒரு மூச்சு மட்டும் தெளியவில்லை. எத்தனை ராத்திரி நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவளாக இருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அப்படியென்றால் உனக்குப் பேசியவள் தங்கத்துக்கு நேரத்தில் பேசவில்லை. அதனாலேயே அந்த மூன்றாவதை நான் மறைத்து வைத்தேன். அவளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கக் கூடாது என்று.

இப்போது கொடுத்துவிட்டேன். நீ எப்படி வேண்டுமானாலும் கணக்குப் பண்ணிக்கொள். இரண்டு என்னுடையது, மூன்றாவது யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அன்றைக்கு அவள் பேசியிருந்தாலும், நான் வாயைத் திறந்தபிறகுதான் பேசினாள். சும்மா உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் பேசியதில்லை, பேசினாலும் நேரத்துக்குப் பேசியதில்லை. சாமியை விட வேண்டும் என்று தோன்றினால் விட்டுவிடு, பிடிக்க வேண்டும் என்று தோன்றினால் பிடித்துக்கொள். எதைச் செய்தாலும் புதன்கிழமைக்கு அப்புறம் செய். என்னைத் திட்ட வேண்டுமானாலும் நெஞ்சைத் தைத்துக்கொண்டு வந்து திட்டு, நான் இருப்பேன்.

சாந்தி பையை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு கைலி, துண்டு, கண்ணாடிக் கூடு, பல்பொடி. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமாம். நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. உன்னை உள்ளே கொண்டுபோனதும் சாந்தி ஜெபமணி டீச்சருக்குப் போன் பண்ணுவாள், டீச்சர் எனக்கு ஆட்டோ பிடித்து விடுவார்கள். ஊருக்குப் போய், கோயிலில் இடப்பக்கம், அந்தத் தூண் இருந்த இடத்தில், உன் டைல்ஸ் தரையில் உட்காருவேன். மாவிளக்கு கொண்டுபோக மாட்டேன். அம்பது வருசத்துக்கு மேலாக நான் முறைத்துக்கொண்டு நின்ற அவள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பேன். என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும். நீ பதில் சொல்ல வேண்டாம் தாயே, செய்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்பேன்.

உன் அம்மா